பலன் பக்கம் காலி

தன் நாற்காலியில் மணியம்மாள் உட்கார்ந்திருப்பதை அரிகிருஷ்ணன் வாசற்படியில் நின்றபடி பார்த்தார். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார். கழற்றியிருந்தாலும் விட இடமில்லை. மாடிப்படி நெடுக வேறு ஆட்களின் செருப்புகள்.

அது லேசுப்பட்ட நாற்காலி இல்லை. பிரம்பு பின்னியது. சாய்ந்துகொள்ளலாம். கைப்பிடியில் காபி டம்ளர் வைக்கத் தனியாக ஒரு வளையம் உண்டு. உப்பளம் பகுதியில் அந்த மாடி வீட்டைக் கட்டிக் குடிவந்ததிலிருந்து அவரைத் தவிர யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. பெங்களூரிலிருந்து மகன் வந்தால்கூட அவனுக்குச் சுவரோரம் ஸ்டூல்தான். அந்த நாற்காலியில் சாய்ந்துதான் அரிகிருஷ்ணன் இருபது வருஷமாக உலகத்துக்கு ஆலோசனை வழங்கிவந்தார். உலகம் என்பது கீழ்த்தளத்தில் வாடகைக்குத் தோல் பைக்கடை வைத்திருக்கும் உசேன் பாயில் தொடங்கி, தட்டாஞ்சாவடியில் அவர் சூப்பர்வைசராக இருக்கும் பாட்டில் மூடி கம்பெனியின் பின்சுவரில் முடிவது.

மணியம்மாள் அந்தக் கம்பெனியில் பேக்கிங்கில் இருப்பவர். காலை ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்க வேண்டியவர், இங்கே உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் அரிகிருஷ்ணனின் மனைவி செந்தமிழ்ச்செல்வி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "ம்… ம்…" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்த விதத்தில், இருபத்தைந்து வருஷத்தில் ஒருநாளும் அவர் பேச்சை அவள் கேட்டதில்லை.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். அதனால்தான் அன்றைக்கு அவர் சீக்கிரம் வந்தார். வராமலிருந்தால் இந்த அநியாயம் தெரிந்தே இருக்காது.

அவரைக் கண்டதும் பேச்சு சட்டென்று நின்றது. மணியம்மாள் எழுந்து, உட்கார்ந்த இடத்தை முந்தானையால் ஒரு தட்டுத் தட்டினார். "வரேன் செல்வி. இப்பதான் மனசு லேசாச்சு" என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசரைப் பார்க்காமலே படியிறங்கினார்.

படியில் அடுத்த ஆளாகக் கம்பெனி வாட்ச்மேன் அம்மாவாசை நின்றிருந்தார். பழக்கதோஷத்தில் ஒரு சல்யூட் அடித்து, "சும்மாதான் சார்" என்றார். அவருக்குப் பின்னால் உசேன் பாய். பாய்க்குச் சமயோசிதம் அதிகம். பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துப் படியின் கைப்பிடியை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

எல்லாரும் போன பிறகு அரிகிருஷ்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு ஆளின் சூடு இருந்தது. அது அவர் வயிறு வரைக்கும் ஏறியது.

"மணியம்மாளுக்கு இன்னா பிரச்சினையாம்?"

"சொல்லக்கூடாதுங்க."

"நான் அவங்க சூப்பர்வைசர்டீ."

"யாரா இருந்தாலும்தான். வர்றவங்க சொல்றது வெளிய போவக்கூடாது. எங்களுக்கு மொத பாடமே அதான்."

எங்களுக்கு, பாடம் என்ற இரண்டு சொற்களும் அவரைத் தைத்தன. போன வருஷம் செல்வி ஊர்க்கோடியில் இருக்கும் சமூகக் கல்லூரியில் மனித சேவைப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது அவர் சிரித்துக்கொண்டுதான் சம்மதித்தார். மூன்று வருஷப் படிப்பு, மூன்று மாதத்தில் அலுத்துப்போய் ஜாக்கெட் தைக்கத் திரும்பிவிடுவாள் என்பது அவருடைய கணக்கு. அவள் அலுக்கவில்லை. முதியோர் இல்லத்துக்குப் போனாள், குடிகாரர் வீடுகளுக்குப் போனாள், விதவைப் பென்ஷனுக்கு எந்த ஆபீஸில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்கக் கற்றுக்கொண்டாள்.

வீட்டு கேட்டில் 'அரிகிருஷ்ணன், பி.காம்.' என்று பித்தளைப் பலகை ஒன்று இருந்தது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அவர். பலகையில் அவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் எழுத இடமில்லை என்பதைச் சமீப காலமாக அவர் அடிக்கடி போய்ப் பார்த்து உறுதி செய்துகொள்வார்.

இத்தனைக்கும் ஆலோசனை அவர் ரத்தத்தில் இருப்பது. அவருடைய தாத்தா பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரி என்ற நகராட்சிக் கட்டடத்தில் குமாஸ்தா. துரைமாருக்கே எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியவர். பேரன் அந்த மரபை விடவில்லை. அம்மாவாசைக்குச் சல்யூட் அடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். கற்றுக்கொண்டுவிட்டார் என்பதற்காக நிறுத்திவிடவில்லை, இன்றைக்கும் தினம் காலையில் கேட்டில் ஸ்கூட்டரை நிறுத்தி ஒருதரம் திருத்துவார். உசேன் பாயின் கடைப் பலகையை நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாற்றச் சொன்னதும் அவரே, மஞ்சள் எடுபடவில்லை என்று மறுபடி நீலத்துக்கே மாற்ற வைத்ததும் அவரே. மணியம்மாளுக்கு அட்டைப்பெட்டி ஒட்டுவதிலிருந்து மகள் கல்யாணத்துக்குக் கட்டில் எந்தக் கடையில் எடுப்பது, மீன் குழம்புக்குப் புளியை எப்போது ஊற்றுவது என்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒரு பைசா வாங்கியதில்லை.

கையைக் கட்டிக்கொண்டு எல்லாம் கேட்டார்கள். ஆனால் ஒருவர்கூட அவர் எதிரில் கண் கலங்கியதில்லை. 'மனசு லேசாச்சு' என்று சொன்னதில்லை. அவளிடம் மட்டும் அப்படி என்ன இருக்கிறது?

இரண்டாம் வருஷக் கட்டணத்துக்குக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. தையலில் சேர்த்ததை முதல் வருஷத்துக்கே கட்டிவிட்டாள். இனி அவர்தான் கொடுக்க வேண்டும். கடிவாளம் தன் கையில் இருப்பதை அரிகிருஷ்ணன் உணர்ந்தார்.

கம்பெனியில் கழித்துப்போட்ட வெள்ளைப் பலகை ஒன்று வீட்டில் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அதைக் கூடத்தில் சாய்த்து, நடுவில் கோடு கிழித்தார். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் பலன். இடப்பக்கம் மளமளவென்று நிறைந்தது. கல்லூரிக் கட்டணம், பஸ், புத்தகம், களப்பணிக்குப் போய்வரும் ஆட்டோ, நின்றுபோன ஜாக்கெட் வருமானம், வருகிறவர்களுக்கு டீ, தனக்கு ஆறிப்போன சாம்பார், நாற்காலி தேய்மானம். வலப்பக்கத்துக்கு வந்ததும் மார்க்கரை மூடிவைத்தார்.

"படிச்சு முடிச்சா இன்னா வேலை கிடைக்கும்? முதியோர் இல்லத்துல வார்டன். இல்லன்னா ஏதாவது ஆஸ்பத்திரியில ஒப்பந்தக் கூலிக்குக் கவுன்சிலர். எங்க பேக்கிங்ல ஓவர்டைம் பாக்கறவங்க அதைவிட ஜாஸ்தி வாங்கறாங்க. பட்டம் கைக்கு வரும்போது உனக்கு நாப்பத்தேழு. கவர்மென்ட் வேலைக்கு வயசு போயிருக்கும். போட்ட காசை எடுக்கறதுக்குள்ள நீயே அந்த முதியோர் இல்லத்துல சேந்துடலாம். பலன் பக்கம் நீயே ஒரு வரி சொல்லு, எழுதறேன். இல்லன்னா வெள்ளிக்கிழமை பணம் கிடையாது."

செல்வி பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். அவர் சொன்ன கணக்கில் தப்பில்லை என்று ஒப்புக்கொண்டாள். சம்பளம் குறைவுதான், வயதும் ஆகிவிட்டதுதான். பலன் நிறைய இருக்கிறது, ஆனால் அது பாடத்தின்படி வெளியே சொல்லக்கூடாதது என்றாள். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாள்:

"இதையெல்லாம் எழுதும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

அரிகிருஷ்ணனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாயைத் திறந்தார். ஆடிட் மீட்டிங்குக்குத் தன்னைக் கூப்பிடாமல் நேற்று வந்த பையனைக் கூப்பிட்ட மேனேஜரில் ஆரம்பித்தார். பி.காம். கடைசி வருஷம் மஞ்சள்காமாலையில் படுத்ததால்தான் முதல் வகுப்பு கைநழுவியது என்பதைச் சொன்னார். அவள் "ம்… ம்…" என்றாள். இரண்டு விசில் வரவேண்டிய குக்கர் ஐந்து விசில் விட்டது. அவர் நன்றாகத் தூங்கினார்.

காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. அவள் எதற்கும் சம்மதிக்கவே இல்லை.

அதற்குள் அவள் பலகையை போனில் படமெடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அவளுடைய பேராசிரியர் இளம்பரிதி என்பவர் போனில் வந்தார். ஒரு படிப்பின் செலவையும் பலனையும் இவ்வளவு நேர்மையாக எடைபோட்ட ஆளைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை புதிதாகச் சேர விரும்புகிறவர்களுக்கும் பெற்றோருக்கும் கூட்டம் இருக்கிறது, அதில் வந்து இதையே பேச வேண்டும் என்றார். "ஒளிவுமறைவு இல்லாம பேசுங்க சார்."

அரிகிருஷ்ணனுக்கு இது தெய்வம் தந்த வாய்ப்பாகப் பட்டது. படிப்பை வேரோடு பிடுங்க மைக்கையே கையில் கொடுக்கிறார்கள்.

கூட்டத்தில் நல்ல கும்பல். கல்லூரி போகாத பெண்கள், மில் மூடியபின் கிடைத்த வேலையைப் பார்க்கும் ஆண்கள், பிள்ளைகளை எதில் சேர்ப்பது என்று தெரியாத பெற்றோர். அரிகிருஷ்ணன் செலவுப் பக்கத்தை வரிவரியாகப் படித்தார். கூட்டம் வாடியது. அவர் மலர்ந்தார்.

"மனசுல இருக்கறதைக் கொட்டணும்னா நம்ம ஊர்ல வீதிக்கு ரெண்டு பார் இருக்கு. கேக்கறதுக்கு ஒரு பட்டமா?"

சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் சிலர் கிளம்பவே எழுந்துவிட்டார்கள். அங்கே முடித்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். அப்போது ஒரு அம்மாள் எழுந்து, "படிச்சிட்டு வந்தா ஆளுங்க தேடி வருவாங்களா சார்? யாரு வருவா?" என்று கேட்டார்.

அரிகிருஷ்ணனின் வயிறு தன்னிச்சையாகப் பேச ஆரம்பித்தது.

"வருவாங்களாவா? எங்க வீட்டுக்கு வந்து பாருங்கம்மா. செருப்பு விட இடமில்ல. என் நாற்காலி எனக்கு இல்ல. இருபது வருஷமா நான் வாய் வலிக்கச் சொல்லிக்கினு இருக்கேன், ஒரு ஆள் அழுததில்ல. இவ ஒரு வருஷம்தான் படிச்சா. 'ம்'னு ஒரு எழுத்துதான் சொல்றா. கண்ணுல தண்ணியா ஊத்தறாங்க. போகும்போது சிரிச்சுக்கினு போறாங்க. மறுநாள் இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கினு வர்றாங்க."

கைத்தட்டல். கிளம்பியவர்கள் உட்கார்ந்தார்கள். விண்ணப்பங்கள் போதாமல் ஜெராக்ஸ் எடுக்க ஆள் ஓடியது. பேராசிரியர் இளம்பரிதி கண்களைத் துடைத்துக்கொண்டே அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். நன்றி சொல்ல மேடையேறிய செல்வி, "நான் இந்தப் படிப்புக்கு வந்ததுக்கு ஒரே காரணம் என் வீட்டுக்காரர்தான். அவரோட இருந்ததாலதான் மத்தவங்களோட கஷ்டம் எனக்குப் புரிஞ்சது" என்றாள். அரிகிருஷ்ணன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தோற்றுவிட்டோம் என்பது ஸ்கூட்டரில் வரும்போது, ரயில்வே கேட்டில் நிற்கையில்தான் தெரிந்தது.

இருந்தாலும் பொன்னாடை பொன்னாடைதான். திங்கட்கிழமை அதைக் கம்பெனிக்கு எடுத்துப்போனார். கேட்டில் அம்மாவாசைக்குச் சொற்பொழிவு முழுவதையும் ஒருதரம் சொன்னார். பேக்கிங்கில் மெஷினை நிறுத்தச் சொல்லி ஒருதரம் சொன்னார். டீ நேரம் முழுக்கக் கேன்டீனில் சொன்னார், டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வீடு திரும்பி, கடை சாத்தப்போன உசேன் பாயைப் பாதி ஷட்டரில் நிறுத்தியும் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் படியில் செருப்புகள் தெரு வரைக்கும் வந்திருந்தன.

'என் பேச்சைக் கேட்டுத்தான் இவ்வளவு கூட்டம் இவளைத் தேடி வருது' என்று அவர் மனம் புழுங்கியது. அது உண்மை என்பதால் இன்னும் அதிகமாகப் புழுங்கியது.

இனிப் போட்டிதான் வழி என்று முடிவு செய்தார். கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தைக் 'குறை கேட்கும் நேரம்' என்று அறிவித்தார். குறை உள்ளவர்கள் சோற்றை மூடிவைத்துவிட்டு வரிசையில் வர வேண்டும். யாருக்கும் குறை இருப்பதாகத் தெரியாததால் அவரே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

முதலில் மணியம்மாள் வந்தார்.

"தயங்காம சொல்லுங்க மணியம்மா. இன்னா கஷ்டம்?"

"ஒண்ணுமில்ல சார். எனக்கு—"

"புரிஞ்சிடுச்சு. உங்க மருமகன்தானே? நான் சொல்ற மாதிரி செய்யுங்க."

கேட்பதில் நேரத்தை வீணாக்காமல் நேரே தீர்வுக்குப் போவது அரிகிருஷ்ணனின் முறை. மணியம்மாளின் மருமகன் தங்கமானவர். அவரை வழிக்குக் கொண்டுவரும் உபாயங்களை அரிகிருஷ்ணன் மணி அடிக்கும் வரை விளக்கினார். தூக்குவாளியில் சோறு காய்ந்தது. புதன், வியாழன் இரண்டு நாளும் பேக்கிங் முழுவதும் இப்படி ஒவ்வொருவராகக் குறை தீர்க்கப்பட்டது.

கூடம் போதாமல் செல்வி மொட்டைமாடியில் பாய் விரித்துவிட்டாள். அதுவரை வராதவர்களும் வந்தார்கள். மேனேஜரின் டிரைவர் வந்தார். கேன்டீன்காரர் வந்தார், வரும்போதே கண்கலங்கி வந்தார். அரிகிருஷ்ணன் காதைத் தீட்டிக்கொண்டு மாடிப்படி வளைவில் நின்று பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒருமுறை எல்லாரும் சேர்ந்து சிரித்தது மட்டும் கேட்டது. அந்தச் சிரிப்பு அவருக்கு ஒருவாய்ச் சோறு இறங்கவிடவில்லை.

வியாழன் சாயங்காலம் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். பிரம்பு நாற்காலியைக் கீழே இறக்கி, மாடிப்படி தொடங்கும் இடத்தில் வழியை அடைத்தாற்போல் போட்டார். தோளில் பொன்னாடை. பக்கத்தில் அட்டை: 'ஆலோசனை இலவசம். அரிகிருஷ்ணன், பி.காம்.' மேலே போக வேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதலில் வந்தது வாடகை ஸ்கூட்டரில் இரண்டு சென்னைப் பையன்கள். நோணாங்குப்பம் படகுத்துறைக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். வழியோடு சேர்த்து, படகில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், ஏன் குளிக்கக்கூடாது, சம்பாதிக்கிற வயதில் பெட்ரோலை ஏன் இப்படி எரிக்கக்கூடாது என்பவற்றையும் சொன்னார். பையன்கள் வண்டியை அணைக்காமலேயே கேட்டார்கள். அவர்கள் போனபின் யாரும் வரவில்லை.

ஆனால் உசேன் பாயின் கடையில் என்றைக்கும் இல்லாத கூட்டம். ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள். அந்த ஆறடி அகலக் கடை அத்தனை பேரை எப்படிக் கொள்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

"இன்னா பாய், இவ்ளோ கூட்டம்?"

"தள்ளுபடி போட்டிருக்கேன் அண்ணே."

"யார் கையிலயும் பை இல்லியே."

"பாத்துட்டு மட்டும் போறாங்க அண்ணே. காலம் அப்படி."

கடையின் பின்கதவைத் திறந்தால் மொட்டைமாடிக்குப் போகும் இரும்புச் சுழல்படி இருப்பது, அதைக் கட்டிய அரிகிருஷ்ணனுக்கு அரைமணி கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். மொட்டைமாடிச் சுவருக்கு மேல் தலைகள், தலைகள். அம்மாவாசையின் தலையும் இருந்தது. தொப்பி இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் பார்த்தார். வேறு மனிதர் போல, நிம்மதியாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அரிகிருஷ்ணன் பேங்குப் பக்கமே போகவில்லை. செல்வியும் கேட்கவில்லை. மதியம் கடைசி நேரம் தாண்டியதும் கம்பெனிக் கடிகாரத்தைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். கொஞ்சம்தான். பலகையை எப்படித் துடைப்பது, தையல் மெஷினுக்கு எண்ணெய் எங்கே வாங்குவது, தோற்றவளிடம் எவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொள்வது என்றெல்லாம் யோசித்தபடி சாயங்காலம் படியேறினார்.

கூடத்தில் கூட்டம். மணியம்மாள், உசேன் பாய், அம்மாவாசை, டிரைவர், கேன்டீன்காரர், முகம் தெரியாத இன்னும் சிலர். நடுவில் லட்டுப் பெட்டி. ஆனால் அவருடைய நாற்காலியை மட்டும் மேலே கொண்டுவந்து போட்டுக் காலியாக விட்டிருந்தார்கள். அதில் போய் உட்கார்ந்தார்.

"இன்னா விசேஷம்?"

"பீஸ் கட்டியாச்சுங்க" என்றாள் செல்வி.

"யாரு கட்டினா?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணியம்மாள்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாயைத் திறந்தார். "நாங்கதான் சார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். ரெண்டாம் வருஷம் மட்டுமில்ல, மூணாம் வருஷத்துக்கும் இப்பவே பேசி வெச்சிட்டோம். செல்வி பாதியில நிறுத்திட்டா எங்களால தாங்க முடியாது."

உசேன் பாய் தலையாட்டினார். இந்த மனிதர் வாடகையையே பேரம் பேசித்தான் கொடுப்பவர்.

அரிகிருஷ்ணன் வெள்ளைப் பலகையைப் பார்த்தார். இடப்பக்கம் நிறைந்து வழிந்தது. வலப்பக்கம் இன்னும் காலி. அந்தக் காலி இடத்துக்குத்தான் இத்தனை பேர் கைக்காசைப் போட்டிருக்கிறார்கள். ஓவர்டைம் பார்த்த காசு. எதற்கு? அவர் இருபது வருஷம் சும்மா கொடுத்ததற்கு ஒரு லட்டுகூட யாரும் வாங்கித் தந்ததில்லையே. பொறாமை உச்சிக்கு ஏறி, அங்கிருந்து போக வழியில்லாமல் ஞானமாக மாறியது. தன்னிடம் இல்லாதது அந்தப் பட்டம் ஒன்றுதான்! அதுமட்டும் இருந்துவிட்டால்?

எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"சரி. ஒத்துக்கறேன். இந்தப் படிப்புக்குப் பலன் இருக்கு. அதனால நானும் சேரப்போறேன். பேராசிரியர்கிட்ட நாளைக்கே பேசறேன். மேடையில பாத்ததுலேர்ந்து அவருக்கு என்மேல தனி மரியாதை. படிச்சு முடிச்சிட்டேன்னா நீங்க யாரும் இந்தப் படி ஏற வேணாம். வேலை செய்யற இடத்துல, கடை வாசல்ல, சாப்பிடற நேரத்துல, நானே உங்களைத் தேடி வந்து கேப்பேன்."

லட்டை வாய்க்குக் கொண்டுபோன உசேன் பாயின் கை பாதியில் நின்றது. மணியம்மாள் செல்வியைப் பார்த்தார். செல்வி முதல்முறையாகத் தலையைச் சாய்க்க மறந்து, தரையைப் பார்த்தாள்.

சல்யூட்டைத் தவிர அவர் எதிரில் எதையும் செய்து பழக்கமில்லாத அம்மாவாசை, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"நீங்களும் படிச்சிட்டா, அப்புறம் உங்களைப் பத்தி நாங்க யாருகிட்ட சார் போய்ச் சொல்லி அழறது?"